அப்பாவின் தோட்டாக்களை என்ன செய்வது?

வடுவூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவே எங்கள் ஊர். அப்பாவுக்குக் கருமாதி முடிந்த மறுநாள்தான் பீரோவைத் திறந்தேன். இரட்டைக்குழல் துப்பாக்கி, லைசென்ஸ் புத்தகம், ஒரு பெட்டித் தோட்டா. அத்தனை நாள் விட்டது என் தவறு. உரிமம் அப்பா பெயருக்குத்தான். அவரோடு அது முடிந்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, வீண் தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் இதே விதிதான். உரிமமில்லாமல் தெரிந்தே ஒரு தோட்டாவை வைத்திருந்தாலும் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

முதலில் புத்தகத்தைப் பாருங்கள். ஒரே நேரத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்று இரண்டு எண்கள் இருக்கும். பலர் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்திருப்பார்கள். ஆண்டுக் கணக்கில் மிச்சம் இருந்தாலும், கையிருப்பு முதல் எண்ணைத் தாண்டக் கூடாது.

பிறகு எண்ணுங்கள். எங்கள் புத்தகத்தில் கையிருப்பு 25. பெட்டியில் 25 சரியாக இருந்தது. அம்மாதான் பத்தாயத்து அடியில் ஒரு துணி முடிச்சு உண்டு என்று ஞாபகப்படுத்தினார்கள். அதில் பச்சை பிடித்த 6. ஆற்றில் போட்டுவிடலாம் என்றார் சித்தப்பா. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் வற்றினால் பிள்ளைகள் விளையாடும் இடம் அது.

நீங்களாகத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். நிலையத்துக்குப் போன் செய்து, எப்படிக் கொண்டுவர என்று கேளுங்கள். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை விவரம் தெரிந்தவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இறப்புச் சான்று, புத்தகம் இரண்டும் கையில் இருக்கட்டும். ரசீதில் துப்பாக்கி எண்ணோடு தோட்டா எண்ணிக்கையும் இருக்க வேண்டும். நான் மொத்தம் 31 என்றே எழுதி வாங்கினேன். அந்த 6-ஐ மறைக்க எனக்கு மனமில்லை.

வாரிசாக நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பினால் மாவட்ட ஆட்சியரிடம் புது உரிமம் கேட்கலாம். கூடப் பிறந்தவர்களின் சம்மதக் கடிதம் தேவைப்படும். எங்களைப்போல் வடுவூர், உதயமார்த்தாண்டபுரம், கோடியக்கரை சரணாலயங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவும் வேண்டும். நான் கேட்கவில்லை. ரசீதை அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.