கடலில் பழகியவர் குளத்தில் தூண்டில் போடுவது எப்படி? முதலில் தோணியைக் கட்டுங்கள்

மட்டக்களப்பின் கல்லடிக் கடலிலும் முகத்துவாரத்திலும் பல ஆண்டுகளாகத் தூண்டில் போடுகிறேன். அதே மாவட்டத்திலுள்ள உன்னிச்சைக் குளத்தில் தோணியில் போன முதல் மூன்று முறையும் ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை. நான்காம் முறைதான் பிழை எங்கே என்று விளங்கியது. கடலிலிருந்து குளத்துக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடிச்சுப் போடுவது, முள் கட்டுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

எப்போது, யாரிடம் கேட்டு

மாரி மழையில் குளம் நிரம்பி வான் (மிகை நீர் வழியும் கட்டு) பாயும் மாதங்களில் போக வேண்டாம். மீன் சிதறிக் கிடக்கும். துருசுக்கும் (மதகுக்கும்) வானுக்கும் அருகில் நீரின் இழுவையும் ஆபத்தானது. நீர் வற்றத் தொடங்கும் மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். ஆனால் அதுவே கச்சான் என்னும் தென்மேல் காற்று வீசும் காலமும். விடியுமுன் தோணியில் ஏறி, காற்று எழுவதற்குள் கரைக்கு வந்துவிடுங்கள். குளத்து அலை உயரமில்லைதான். ஆனால் நெருக்கமாக அடிக்கும். ஒடுங்கிய தோணிக்குள் சீக்கிரம் தண்ணீர் ஏறிவிடும்.

ஆயித்தியமலை வழியாகப் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை, அங்குள்ள மீனவர் சங்கத்தாரிடம் கேட்பது. இந்தக் குளத்தில் குஞ்சு விட்டு வளர்த்து, அதை நம்பிச் சீவிப்பவர்கள் அவர்கள். இரவில் போட்ட வலை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் போகலாம் என்று அவர்களே சொல்வார்கள். அவர்களில் ஒருவரின் தோணியை, அவரையும் சேர்த்து வாடகைக்குப் பிடிப்பதுதான் சிறந்த வழி.

என்ன கொண்டுபோவது

கடல் பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அறக்குளா மீனுக்குக் கட்டும் கம்பி இங்கே தேவையில்லை. திலாப்பியாவுக்கு 0.25 மில்லிமீற்றர் தங்கூசி (ஒற்றை இழை நைலோன் நூல்) போதும். விராலுக்கு மட்டும் முறுக்கிய நூல் வேண்டும்; மீன் கடித்ததும் தாமரைக் கொடிக்குள் பாயும், தங்கூசி அங்கே அறுந்துவிடும். விலை உயர்ந்த றீல் வாங்கச் சொல்பவர்கள் உண்டு. நான் சாதாரண றீலைத்தான் விரும்புகிறேன், பணத்தை நல்ல முள்ளுக்குச் செலவிடுங்கள்.

தக்கையைக் கவனியுங்கள். கடல் நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. கடலில் நுனி மட்டும் தெரியும்படி ஈயம் கட்டிய தக்கை குளத்தில் முழுவதும் அமிழ்ந்துவிடலாம். சிறிது ஈயத்தைக் குறையுங்கள்.

தோணியை நிறுத்துவது

நான் தோற்றது இங்கேதான். கடலில் நீரோட்டம் தோணியை ஒரே திசையில் இழுத்துப் பிடிக்கும். ஒரு நங்கூரம் போதும். குளத்தில் ஓட்டமில்லை, காற்று மட்டுமே. ஒற்றை நங்கூரத்தில் தோணி இடமும் வலமுமாக ஆடிக்கொண்டே இருந்தது. அதோடு தூண்டிலும் இழுபட்டு, தாமரையிலும் நீருக்குள் நின்ற பட்ட மரங்களிலும் சிக்கியது. எட்டு மணிக்குள் நான்கு முள் போய்விட்டது. சற்றுத் தள்ளி ஒருவர், இரண்டு கம்புகளைச் சேற்றில் ஊன்றித் தோணியைக் கட்டிவிட்டு அமைதியாகத் திலாப்பியா தூக்கிக்கொண்டிருந்தார். “தம்பி, முதலில் தோணியைக் கட்டுங்கள், பிறகு தூண்டிலைப் போடலாம்” என்றார்.

அதன் பிறகு நான் செய்வது இது. கொழுவி நங்கூரத்தைக் கொண்டுபோவதில்லை. மென்சேற்றில் அது வழுக்கும், பட்ட மரத்தில் மாட்டினால் திரும்பி வராது. 4 லீற்றர் பெயின்ற் தகரம் இரண்டில் கொங்கிரீற்று நிரப்பி வளையம் பதித்தேன். ஒன்று ஏறக்குறைய 9 கிலோ இருக்கும். நிற்க விரும்பும் இடத்தைத் தாண்டிக் காற்று வரும் பக்கமாகப் போய், முன்னணியத்திலிருந்து (தோணியின் முன்முனையிலிருந்து) முதல் தகரத்தை மெதுவாக இறக்குங்கள். எறிந்தால் அந்த ஓசைக்கே மீன் கலைந்துவிடும். கயிற்றை 15 மீற்றர் வரை விட்டுக்கொண்டே காற்றோடு பின்னால் போங்கள். பிறகு பின்னணியத்திலிருந்து இரண்டாவது தகரத்தை இறக்கி, முன்கயிற்றைப் பாதியளவு இழுங்கள். இரு கயிறும் இறுகியதும் இரண்டையும் கட்டுங்கள். தோணி அசையாது.

காற்று பலமானால் பின்கயிற்றை முதலில் அவிழ்க்க வேண்டும். அப்போதுதான் முன்னணியம் காற்றை நோக்கித் திரும்பும். முன்கயிற்றை முதலில் விட்டால் அலை பின்புறத்தால் ஏறும். உயிர்காப்பு அங்கியைக் கழற்றவே வேண்டாம். குளத்தில் கொடி காலைச் சுற்றும், கடல் நீச்சல் அங்கே கைகொடுக்காது.

மீன் எங்கே

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. இடையிடையே மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும். தாமரைக்கு நடுவிலுள்ள தெளிந்த நீரைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருங்கள். ஒரு ‘களுக்’, பிறகு வட்டமாக விரியும் அலை. அதற்கு ஒரு பாகம் (ஏறக்குறைய ஆறடி) தள்ளித் தவளை வடிவ இரையைப் போட்டுச் சிறிது சிறிதாக இழுங்கள். விரால் கவ்வியதும் பாரைக்கு இழுப்பதுபோல் உடனே சுண்டாதீர்கள். நூல் பாரமாகும்வரை பொறுத்து இழுங்கள்.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் தெரிந்தால், கீழே தாய் விராலோ தந்தை விராலோ காவல் நிற்கிறது. அங்கே இரை போட்டால் கட்டாயம் கடிக்கும். தயவுசெய்து போடாதீர்கள். காவலை எடுத்துவிட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும்.

1952இல் இந்த நாட்டுக்கு வந்த திலாப்பியாவுக்கு மண்புழுவோ பாண் உருண்டையோ போதும். தக்கை மெல்ல நடுங்கும், மணிக்கட்டால் தூக்குங்கள்.

பிடித்த மீனைத் தோணிக்கு வெளியே நீரில் தொங்கவிடும் பழக்கம் இருந்தால் இங்கே விட்டுவிடுங்கள். குளத்தில் முதலை உண்டு. மூடியுள்ள பெட்டியில் பனிக்கட்டி போட்டு வையுங்கள். மாலை வரை தங்கவும் வேண்டாம், யானை நீர் குடிக்க வரும் நேரம் அது.

பின்னர் சேர்த்தது

இறக்காமம் குளத்தில் சேறு ஆழமாதலால் கம்பு நிற்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதினார். அங்கே கம்பை விடுங்கள், தகரம் இரண்டுமே சரி.

வாழைச்சேனை வாசகர் ஒருவர் தன் எஞ்சின் படகோடு குளத்துக்குப் போய், எஞ்சின் கொதித்து நின்றுவிட்டது என்றார். சல்வீனியா என்னும் மிதக்கும் களை, எஞ்சின் நீர் உறிஞ்சும் துளையை அடைத்திருக்கும். எஞ்சினின் பின்னால் பீச்சும் நீர் மெலிந்தால் உடனே நிறுத்தித் துளையைத் துப்புரவாக்குங்கள். ஆற்றுவாழையும் சல்வீனியாவும் உள்ள இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுத் துடுப்பால் போங்கள். கரைக்கு வந்ததும் படகின் அடி, கயிறு, தகரம் எல்லாவற்றையும் பார்த்து ஒட்டியிருக்கும் இலையைப் பிடுங்கிக் கரையிலேயே வெயிலில் போடுங்கள். ஒரு சிறு துண்டு போதும், அடுத்த குளத்தையும் அது மூடிவிடும்.