குறைந்த காசில் நல்ல சாப்பாடு: மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சத்தாகச் சாப்பிட வேண்டுமென்றால் நிறைய செலவாகும் என்று முடிவு கட்டிவிடுவதுதான் முதல் தவறு. கடைத்தொகுதியில் விற்கும் சாலட் கிண்ணத்தின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் நல்ல சாப்பாடு உங்கள் கல்லூரி உணவகத்திலேயே இருக்கிறது. அதை எப்படிக் கேட்டு வாங்குகிறோம் என்பதில்தான் விஷயம்.

சோற்றோடு வேண்டிய கறிகளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் எகானமி ரைஸ் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். பொரித்த கோழி, பொரித்த மீன், மேலே வழிய வழியக் கறிக்குழம்பு என்று வாங்கினால் காசும் போகும், எண்ணெயும் உப்பும் சேரும். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் கணக்கு எளிது: தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, முடிந்தால் தீட்டாத அரிசி, மீதிக் கால் பங்கு மீன், முட்டை, தவ்வு (சோயாக் கட்டி), பருப்பு. பெரும்பாலான கடைகளில் காய், இறைச்சியைவிட மலிவு. இரண்டு காயும் ஒரு தவ்வும் எடுத்து, "குழம்பு கொஞ்சமா ஊத்துங்க" என்று சொன்னால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் பல காப்பிக்கடைகள் சிக்கன விலை உணவும் விற்கின்றன. அதைக் கேட்டு வாங்குவதில் கூச்சமே வேண்டாம்.

அடுத்தது பானம். காசு கசிவது பெரும்பாலும் இங்கேதான். பானங்களைச் சர்க்கரை, கொழுப்பு அளவால் தரம் பிரிக்கும் நியூட்ரி-கிரேடில் ‘டி’ என்றால் 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கலாம். அப்படிப்பட்ட 330 மில்லி கேன் ஒன்றில் 33 கிராமுக்கு மேல், அதாவது ஏழெட்டுத் தேக்கரண்டி! பண்டோங் (ரோஜாப் பாகு கலந்த பால்), பபிள் டீ எல்லாம் தினசரிப் பழக்கமாகிவிட்டால் உடம்புக்கும் கேடு, பைக்கும் கேடு. தே-ஓ என்ற தேநீரில் பால்தான் இல்லை, சர்க்கரை உண்டு. பலருக்கு இது தெரிவதில்லை. சர்க்கரையே வேண்டாமென்றால் ‘தே-ஓ கோசோங்’, குறைத்தால் போதுமென்றால் ‘சியூ டாய்’ என்று கேளுங்கள். தண்ணீர் போத்தல் ஒன்று பையில் இருந்தால் இன்னும் நல்லது. கேனில் மிச்சமாகும் காசில் தட்டில் இன்னொரு காய் வைக்கலாம்.

காலையில் பட்டினி கிடந்து காசை மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். பதினோரு மணிக்கு வரும் அகோரப் பசி, கையில் கிடைக்கும் பொரித்த பலகாரத்தைத்தான் வாங்க வைக்கும். அவித்த முட்டை இரண்டு, ஒரு வாழைப்பழம்: காலைக்கு அது தாராளம்.

அப்புறம், இரவு சப்பர். பரீட்சை நேரத்தில் உணவு விநியோகச் செயலியைத் திறந்தால் சாப்பாட்டு விலையோடு விநியோகக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும். அதற்குப் பதில் உடனடி நூடுல்ஸ் என்றால் அதில் உப்பு அதிகம். மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு பிடி சாய் சிம் கீரையும் சேருங்கள். விடுதியில் பொதுச் சமையலறை இருந்தால் நான்கு பேர் சேர்ந்து லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் கீரையும் பருப்பும் வாங்கிச் சமைக்கலாம். தனியாளாக ஒரு கட்டுக் கீரை வாங்கினால் பாதி வாடிப்போகும். நால்வருக்கு அது ஒரே வேளையில் தீர்ந்துவிடும்.