கொடியில் வேட்டியைக் கட்டிவிட்டுக் கேளுங்கள்: கார்ட்ரிட்ஜையும் ஸ்பீக்கரையும் காதால் ஒப்பிடும் முறை

ரெக்கார்டு தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் சின்ன பாகம் கார்ட்ரிட்ஜ். இரண்டு கார்ட்ரிட்ஜையோ இரண்டு ஸ்பீக்கரையோ காதால் ஒப்பிட உட்காருகிறீர்கள் என்றால், முதலில் ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை. சீலிங் ஃபேன் ஓடினால் தம்பூராவின் மெல்லிய கார்வையெல்லாம் அந்த இரைச்சலில் மூழ்கிவிடும், போதாததற்கு இறக்கைகள் சுற்றச் சுற்ற ஒலியை லேசாக வெட்டும், அதைக் கேட்டுவிட்டு "இந்த கார்ட்ரிட்ஜில் ஏதோ நடுக்கம் தெரிகிறது" என்று நோட்டில் எழுதி வைத்த ஆள் நான்தான். மார்கழி, தை மாதத்துக் காலை நேரம் இதற்குத் தோது. சித்திரையில் உட்கார்ந்தால் ஃபேனைப் போடும் அவசரத்திலேயே ஏதாவது ஒரு முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

அடுத்தது வால்யூம். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். இரண்டில் எது ஒரு சொட்டு சத்தமாகப் பாடுகிறதோ அது காதுக்கு நல்லதாகப் படும். அரை டெசிபெல் (ஒலி அளவின் அலகு), ஒரு டெசிபெல் கூடினால் "சத்தம் கூடியிருக்கிறது" என்று நமக்குத் தோன்றாது. குரல் தெளிவாக இருக்கிறது, மிருதங்கம் நிறைவாக இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆர்டோஃபோன் 2எம் ரெட் என்ற கார்ட்ரிட்ஜ் தரும் மின்னழுத்தம் 5.5 மில்லிவோல்ட், ஆடியோ டெக்னிகா விஎம்95இ தருவது 4 மில்லிவோல்ட். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 2.8 டெசிபெல் வித்தியாசம். வால்யூம் குமிழைத் தொடாமல் ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டிக் கேட்டால் ரெட் ஜெயிக்காமல் என்ன செய்யும்? நானும் இப்படித்தான் ஒரு கார்ட்ரிட்ஜை ஒன்றரை மாதம் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினேன், நண்பர் ஒருவரையும் வாங்க வைத்தேன், அப்புறம் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நண்பரிடம் இன்னும் சொல்லவில்லை.

அளப்பது கஷ்டமில்லை. 1000 ஹெர்ட்ஸ் சீரான ஒலி பதிந்த டெஸ்ட் ரெக்கார்டு ஒன்று வேண்டும், எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வேண்டும். அந்த ஒலியை ஓடவிட்டு, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஸ்பீக்கர் மாட்டியிருக்கும்போதே ஆம்ப்பின் (ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர்) ஸ்பீக்கர் முனைகளில் அளந்து பாருங்கள். முதல் கார்ட்ரிட்ஜில் 1 வோல்ட் வரும்படி குமிழை வையுங்கள், இரண்டாவதை மாட்டிய பிறகு மறுபடி 1 வோல்ட் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். 0.99-க்கும் 1.01-க்கும் நடுவில் நின்றால் வித்தியாசம் 0.1 டெசிபெல்லுக்குள் அடங்கிவிட்டது என்று அர்த்தம், அது போதும். விலை குறைந்த மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை நினைத்துச் செய்யப்பட்டவை, 1000 ஹெர்ட்ஸில் காட்டும் எண் தப்பாக இருக்கலாம். இரண்டு முறையும் ஒரே மீட்டர் ஒரே மாதிரி தப்பாகக் காட்டுவதால் நமக்குக் கவலையில்லை. ஒன்று மட்டும் ஜாக்கிரதை: மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் ஆம்ப் புகைந்துவிடலாம்.

கார்ட்ரிட்ஜைச் சரியாகப் பொருத்தாமல் ஒப்பிடுவதும் வீண்தான். ஊசி அழுத்தம் ஒவ்வொன்றுக்கும் வேறு: 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம், விஎம்95 வகைக்கு 2 கிராம், டெனான் டிஎல்-103-க்கு 2.5 கிராம். டோன்ஆர்மின் (கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை) பின்னாலிருக்கும் எடையில் போட்டிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோணத்துக்கு ப்ரொட்ராக்டர் என்னும் அளவு அட்டை வேண்டும். பரவலாகப் பயன்படும் பேயர்வால்ட் முறையில் மையத்திலிருந்து 66 மில்லிமீட்டர், 121 மில்லிமீட்டர் என்ற இரண்டு புள்ளிகளிலும் கார்ட்ரிட்ஜ் நேராக நிற்க வேண்டும். கார்ட்ரிட்ஜுக்கு கார்ட்ரிட்ஜ் உயரம் மாறும் என்பதால் டோன்ஆர்ம் மட்டமாக இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து குனிந்து பாருங்கள். டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் கொடுத்துவைத்த வாழ்க்கை: டோன்ஆர்மின் அடியிலிருக்கும் வளையத்தைத் திருப்பினால் உயரம் மாறும், இரண்டு ஹெட்ஷெல் (கார்ட்ரிட்ஜ் பொருத்திய, கழற்றி மாட்டக்கூடிய முனை) இருந்தால் கார்ட்ரிட்ஜ் மாற்றுவது ஒரு நிமிட வேலை. உயரம் மாற்ற வழியில்லாத டர்ன்டேபிள் என்றால் கார்ட்ரிட்ஜுக்கு மேலே மெல்லிய தகடு வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று கெபாசிட்டன்ஸ், அதாவது கேபிளும் சுற்றும் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் அளவு; பிகோஃபாரட் அதன் அலகு. உள்ளே காந்தம் அசையும் மூவிங் மேக்னட் வகை கார்ட்ரிட்ஜ்களுக்கு கேபிளும் ஃபோனோ ஸ்டேஜும் (கார்ட்ரிட்ஜின் மெல்லிய மின்னழுத்தத்தை முதலில் பெருக்கும் சுற்று) சேர்ந்து எத்தனை பிகோஃபாரட் தருகின்றன என்பதைப் பொறுத்து மேல்பகுதி ஒலி (உயர்ந்த சுருதி) மாறும். விஎம்95-க்கு 100 முதல் 200 வரை, 2எம் ரெட்டுக்கு 150 முதல் 300 வரை என்று செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் செட்டில் மொத்தம் 350 வருகிறதென்றால் விஎம்95 கொஞ்சம் கீச்சிடத்தான் செய்யும், அதற்கு அதைத் திட்டிப் பயனில்லை.

சரி, இப்போது கேட்கலாமா? இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்டி, அழுத்தம் பார்த்து, கோணம் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆகும். நுணுக்கமான ஒலி வித்தியாசத்தைக் காது ஞாபகம் வைத்திருப்பது சில விநாடிகள்தான். இருபது நிமிடம் கழித்து நீங்கள் ஒப்பிடுவது ஒலியை இல்லை, முதலில் கேட்டதைப் பற்றி மனதில் எழுதிக்கொண்ட அபிப்பிராயத்தை. அதனால் நான் இப்போதெல்லாம் பதிவு செய்துவிடுகிறேன். ஃபோனோ ஸ்டேஜிலிருந்து வரும் ஒலியை ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினியில் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, ஆடாசிட்டி மென்பொருளில் அளவைச் சமன் செய்து, பத்துப் பதினைந்து விநாடித் துண்டுகளாக வெட்டி, ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளின் ஏபிஎக்ஸ் கருவியில் போட்டால் எது எது என்று தெரியாமலே மாற்றி மாற்றிக் கேட்கலாம். நீளமான துண்டு வேண்டாம், டர்ன்டேபிளின் வேகம் துளி துளியாக மாறுவதால் இரண்டு பதிவுகளும் போகப் போக விலகிவிடும்.

பதியும் முன்னால் தட்டைச் சுத்தம் செய்து ஒரு முறை சும்மா ஓடவிடுங்கள். முதல் ஓட்டத்தில் ஊசி தூசியைக் கிளப்பும், இரண்டாவது ஓட்டம் சுத்தமாக இருக்கும், அந்தப் பெருமை இரண்டாவது கார்ட்ரிட்ஜுக்குப் போய்விடக் கூடாது. இன்னொன்று, ஒரே கார்ட்ரிட்ஜையே இரண்டு முறை பதிந்து அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் "இரண்டாவதில் இசை மேடை அகலமாக விரிகிறது" என்று உங்களுக்குத் தோன்றினால், அன்றைக்கு விட்டுவிட்டுக் காபி குடிக்கப் போய்விடலாம்.

எதைக் கேட்பது? தட்டின் கடைசிப் பாட்டை. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது, ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் விநாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் பள்ளம் ஓடுகிறது, உள்ளே லேபிளுக்குப் பக்கத்தில் 21 சென்டிமீட்டர்தான். 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை வெளியே 51 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) நீளத்தில் தாராளமாக உட்காரும், உள்ளே 21 மைக்ரானுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காரும். சாதாரண உருண்டை முனை ஊசியின் ஆரம் 15 மைக்ரானுக்கு மேல். அந்தச் சந்துக்குள் அது எப்படி நுழையும்? மேலே தாவித் தாவிப் போகும். அதைத்தான் "ஸ்ஸ்" என்று பிசிறடிக்கும் பாட்டாக நாம் கேட்கிறோம். நீள்வட்ட முனையின் பக்க ஆரம் 8 மைக்ரான் அளவு, மைக்ரோலைன் முனையில் 3 மைக்ரான். கார்ட்ரிட்ஜுக்கு கார்ட்ரிட்ஜ் நிஜமாகவே காதில் உறைக்கும் வித்தியாசம், என் அனுபவத்தில், இந்த உள்வட்டத்தில்தான் இருக்கிறது. முதல் பாட்டை மட்டும் போட்டுக் காட்டி விற்பவரிடம் கடைசிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள்.

கர்நாடக இசைத் தட்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி. சமஸ்கிருத சாகித்தியத்தில் ஸ, ஷ கொட்டிக்கிடக்கும், பக்கத்தின் கடைசியில் அப்படியொரு கிருதி இருந்தால் அதுவே உங்கள் சோதனைத் தட்டு. தம்பூரா விட்டுவிடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதால் மேல்பகுதி ஒலியில் சின்ன மாற்றமும் பிடிபடும். கஞ்சிராவின் சலங்கை தனித்தனியாக விழுகிறதா, இல்லை மணலைக் கொட்டியது போல ஒரே "சர்"ரென்று கேட்கிறதா என்று பாருங்கள். ஆனால் பழைய தட்டுகளில் கவனம். கல்யாண வீடுகளுக்கு ரேடியோ செட் கட்டியவர்களிடமிருந்து வந்த தட்டென்றால் கனமான ஊசி ஏறி இறங்கிப் பள்ளமே தேய்ந்திருக்கும், எந்த கார்ட்ரிட்ஜில் போட்டாலும் கரகரக்கும். சில சமயம் முனையின் வடிவம் மாறும்போது பள்ளத்தில் தேயாத உயரத்தைத் தொட்டு அதே தட்டு பிழைத்து எழுவதும் உண்டு.

காசு குறைவாகச் செலவழித்துச் சுத்தமாகச் சோதிக்க வேண்டுமென்றால் விஎம்95 வகை நல்ல தேர்வு. உடம்பு ஒன்றுதான், ஊசியை மட்டும் உருவி உருண்டை, நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா என்று மாற்றிக்கொள்ளலாம். மாறுவது ஊசி மட்டும் என்பதால் கேட்பதும் ஊசியைத்தான். அப்போதும் வால்யூமைச் சமன் செய்துகொள்ளுங்கள், நீள்வட்டத்துக்கு 4 மில்லிவோல்ட், மைக்ரோலைனுக்கு 3.5.

ஸ்பீக்கர் கதையே வேறு. ஒழுங்காகப் பொருத்திய இரண்டு கார்ட்ரிட்ஜ்களுக்கு நடுவில் இருப்பது சாம்பாரில் ஒரு சிட்டிகை உப்பு என்றால், இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவில் இருப்பது சாம்பாருக்கும் ரசத்துக்கும் உள்ள வித்தியாசம். கையில் இருக்கும் நேரத்தையும் பணத்தையும் இங்கே போடுங்கள் என்பேன்.

ஆனால் இங்கே அறையும் சேர்ந்து பாடும். நம் ஊர் அடுக்குமாடி வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, டைல்ஸ் தரை, நாலு பக்கமும் சிமென்ட் சுவர். பன்னிரண்டு அடி நீளத்தில் 48 ஹெர்ட்ஸ் அருகிலும், பத்தடி அகலத்தில் 57 ஹெர்ட்ஸ் அருகிலும் அறையே அதிரும். ஒரு ஸ்பீக்கரை மூலையிலும் இன்னொன்றை சுவரிலிருந்து மூன்றடி தள்ளியும் வைத்துவிட்டு எதில் பேஸ் நன்றாக இருக்கிறது என்று கேட்டால், நீங்கள் கேட்பது மூலையைத்தான். ஆகவே ஒரே இடம். தரையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி அடையாளம் வைத்து, ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றதை வையுங்கள். ட்வீட்டர் (மேல்பகுதி ஒலியைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்துக்கு வர வேண்டும். பாயில் உட்கார்ந்து கேட்கும் பழக்கம் உங்களுக்கு உண்டென்றால் ஸ்டாண்டின் உயரத்தையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும், நாற்காலிக்கு அளந்த ஸ்டாண்டை வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தால் மேல்பகுதி ஒலி தலைக்கு மேலே போய்விடும்.

நான்கு பெட்டிகளை மாற்றி மாற்றித் தூக்குவதற்குப் பதில் ஜோடிக்கு ஒன்றாக எடுத்து மோனோவில் கேளுங்கள். ஏதோ சிக்கனத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஸ்பீக்கரின் குறைகள் ஸ்டீரியோவைவிட மோனோவில் துலக்கமாகத் தெரியும் என்பது ஒலி ஆராய்ச்சியாளர் ஃப்ளாய்ட் டூல் பல ஆண்டு சோதனைகளில் கண்டது.

வால்யூமைச் சமன் செய்ய இங்கே மல்டிமீட்டர் உதவாது, ஒரே வோல்ட்டுக்கு ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஒவ்வொரு அளவில் பாடும். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் சுமார் 83 டெசிபெல் ரகம்; குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்லும் எண் இது. 90 டெசிபெல் ஸ்பீக்கர் பாடும் அளவுக்கு அது பாட சுமார் ஐந்து மடங்கு வாட் வேண்டும். பிங்க் நாய்ஸை (எல்லாச் சுருதியும் கலந்த சோதனை இரைச்சல்) 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் வெட்டி ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில் செல்போனை வைத்து ஒலி அளக்கும் ஆப்பில் பாருங்கள். ஆப் காட்டும் எண் சரியா தப்பா என்பது முக்கியமில்லை, போனை அசைக்காமல் இரண்டுக்கும் ஒரே எண்ணை வரவழையுங்கள்.

இப்போது வேட்டி. ஸ்பீக்கருக்கு முன்னால் துணிக்கொடி கட்டிப் பழைய மெல்லிய பருத்தி வேட்டியைத் தொங்கவிடுங்கள். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு தடையில்லாமல் வெளியே போனால் ஒலியும் போகும்; கஞ்சி போட்ட வேட்டி ஆகாது. 1994-இல் டூலும் அவருடைய சக ஆய்வாளர் ஷான் ஆலிவும் ஒரே ஆட்களிடம் ஸ்பீக்கரைக் காட்டியும் மறைத்தும் மதிப்பெண் வாங்கினார்கள். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது, மறைத்தபோது இறங்கியது. கேட்டவர்கள் ஸ்பீக்கர் செய்யும் நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கே அந்தக் கதி.

மாற்றி வைக்க வீட்டில் ஒருவரைப் பிடியுங்கள். அவர் ஒவ்வொரு முறையும் காசு சுண்டி, பூ விழுந்தால் முதலாவது, தலை விழுந்தால் இரண்டாவது என்று வைக்கட்டும், தனியாகக் குறித்துக்கொள்ளட்டும். எதை வைத்தாலும் அதே அளவு நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், என் மனைவி கனமான பெட்டியைத் தூக்கும்போது விட்ட பெருமூச்சை வைத்தே நான் நாலு முறை சரியாகச் சொல்லிவிட்டேன். ஸ்பீக்கரில் வித்தியாசம் இருக்கிறதா என்று நிரூபிக்க வேண்டியதில்லை, அது தெரிந்துவிடும். எது பிடித்திருக்கிறது என்பதைத்தான் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். கார்ட்ரிட்ஜ் பதிவுகளுக்கு மட்டும் எண்ணிக்கை முக்கியம். பத்து முறைக்கு ஒன்பது முறையாவது சரியாகச் சொன்னால் நம்பலாம், குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நடக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஏழு சரி என்றால் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அதிர்ஷ்டத்துக்கே வாய்ப்பு உண்டு.

ஒரே மூச்சில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள், காது களைத்துவிடும். நீங்கள் எழுதியதையும் மாற்றி வைத்தவர் குறித்ததையும் ஒத்துப் பார்த்துவிட்டு, பிடித்ததாக அதிகம் தேறிய ஸ்பீக்கரை ஒரு வாரம் சும்மா ஓடவிடுங்கள். அந்த வாரம் நீங்கள் தட்டைப் பாதியில் நிறுத்தாமல் மறுபக்கம் திருப்பிப் போட்டீர்களா என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், மற்றதற்கும் ஒரு வாரம் கொடுங்கள். வேட்டியை அதற்குள் துவைத்துப் போட்டுவிடுவது நல்லது, என்னுடையது கொடியிலேயே கிடந்து தூசி பிடித்து, இப்போது தட்டு துடைக்கக்கூட லாயக்கில்லை.