ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: மாத்திரை எழுதுமுன் எடை மெஷினில் ஏற்றுங்கள்

நாடி தாறுமாறாக ஓடினால் முதல் வேலை 12-லீட் ஈசிஜி. பி அலை காணாமல், ஆர்-ஆர் இடைவெளி (ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம்) கன்னாபின்னாவென்று இருந்தால்தான் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது; அங்கே ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம்). கைக்கடிகாரம் காட்டிய எச்சரிக்கையை மட்டும் நம்பி ரத்த உறைதடுப்பு மாத்திரையைத் தொடங்கக் கூடாது.

அடுத்தது எக்கோ (இதய ஸ்கேன்). நம் ஊரில் ருமாட்டிக் இதயநோய் (ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடுவது) இன்னும் ஒழியவில்லை. மைட்ரல் வால்வு நடுத்தரமாகவோ கடுமையாகவோ சுருங்கியிருந்தால், அல்லது உலோக வால்வு வைத்திருந்தால், பழைய உறைதடுப்பு மருந்துகளான வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மட்டுமே. புதிய மாத்திரைகள் (ரிவரோக்ஸபான், அபிக்ஸபான், டபிகட்ரான்) கூடாது. ருமாட்டிக் நோயாளிகளிடம் ரிவரோக்ஸபானைச் சோதித்த இன்விக்டஸ் ஆய்வில் (2022) வார்ஃபரின் வகை மருந்து எடுத்தவர்களிடமே இறப்பு குறைவாக இருந்தது.

மற்றவர்களுக்கு பக்கவாத அபாயத்தைக் கணக்கிடுங்கள். இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தக்குழாய் நோய், 65 முதல் 74 வரை வயது ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1. வயது 75-ஐத் தொட்டிருந்தால் 2, முன்பு பக்கவாதம் வந்திருந்தால் 2. ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2024 வழிகாட்டுதலில் பாலினத்துக்கான மதிப்பெண்ணை விட்டுவிட்டது. கூட்டுத்தொகை 2 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து தேவை. 1 என்றால் நோயாளியோடு பேசி முடிவெடுக்கலாம். ‘வயசானவங்க, ஆஸ்பிரின் போதும்’ என்று எழுதுவது பாதுகாப்பே அல்ல. பக்கவாதத்தைச் சரியாகத் தடுக்காது, ரத்தக்கசிவு மட்டும் மிஞ்சும்.

பெரும்பாலான தவறுகள் நடப்பது டோஸில்தான். லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் இ-ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் அளவின் மதிப்பீடு) எண்ணை வைத்து டோஸ் முடிவு செய்யாதீர்கள். எடையையும் சேர்த்துச் சிறுநீரகத் திறனைச் சொல்லும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கைப் போடுங்கள்:

(140 − வயது) × எடை கிலோவில் ÷ (72 × கிரியாட்டினின்). பெண்ணென்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். கிரியாட்டினின் மி.கி./டெ.லி. அளவில் இருக்க வேண்டும்.

78 வயது மூதாட்டி, 46 கிலோ, கிரியாட்டினின் 1.1 என்று வையுங்கள். ரிப்போர்ட்டில் இ-ஜிஎஃப்ஆர் 51 என்று வரும், பார்த்தால் பயமில்லை. கணக்குப் போட்டால் 62 × 46 ÷ 79.2 × 0.85, அதாவது 31 மட்டுமே. ரிவரோக்ஸபான் 20 மி.கி. என்று கை போகும். ஆனால் இந்த எண் 15 முதல் 49 வரை இருப்பவருக்கு 15 மி.கி.தான். டபிகட்ரான் 30-க்குக் கீழே கூடவே கூடாது; இவர் விளிம்பில் நிற்கிறார், ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் கீழே இறங்கிவிடுவார்.

அபிக்ஸபானில் தவறு எதிர்த்திசையில் நடக்கும். வயது 80-க்கு மேல் (80 உட்பட), எடை 60 கிலோவுக்குள், கிரியாட்டினின் 1.5-க்கு மேல் (1.5 உட்பட): இந்த மூன்றில் இரண்டு இருந்தால்தான் 2.5 மி.கி. இருவேளை. இந்த மூதாட்டிக்கு எடை ஒன்றுதான் பொருந்துகிறது, எனவே முழு டோஸ் 5 மி.கி. இருவேளை. ‘ஒல்லியா இருக்காங்க, பாதி போதும்’ என்று குறைத்தால் பக்கவாதத்திலிருந்து முழுப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். சிறுநீரகத் திறன் 15 முதல் 29-க்குள் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி அதுவே டோஸைக் குறைக்கப் போதும்.

பிற மருந்துகளையும் கேளுங்கள், மெடிக்கலில் நேராக வாங்குவதையும் சேர்த்து. மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போடுபவர்கள் நிறைய, அதை நிறுத்துங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபினைடாயின், கார்பமசெபின் ஆகியவை புதிய மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். ரிஃபாம்பிசின் எடுப்பவருக்கு வார்ஃபரின் நல்லது, ஆனால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் சோதனை) அடிக்கடி பார்க்க வேண்டும். காசநோய் மருந்து முடிந்த வாரங்களில் ஐஎன்ஆர் ஏறும், டோஸைக் குறைக்காவிட்டால் கசியும். மெட்ரோனிடசோலும் ஃப்ளூகோனசோலும் வார்ஃபரினை அதேபோல் தூக்கிவிடும். ஸ்டென்ட் வைத்து ஓராண்டு தாண்டி நிலையாக இருப்பவருக்கு ஆஸ்பிரின் ஏன் இன்னும் சீட்டில் இருக்கிறது என்று இதய மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள்.

சீட்டைக் கொடுக்கும்போது சொல்ல வேண்டியவை: ரிவரோக்ஸபானைச் சாப்பாட்டோடு போட வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உடம்பில் சேராது. டபிகட்ரான் கேப்ஸ்யூலைப் பிரிக்கக் கூடாது. இருவேளை மாத்திரையை மறந்தால் 6 மணி நேரத்துக்குள்ளும், ஒருவேளை மாத்திரையை 12 மணி நேரத்துக்குள்ளும் போடலாம்; அதற்கு மேல் என்றால் விட்டுவிட்டு அடுத்த வேளையைத் தொடர வேண்டும், இரண்டைச் சேர்த்துப் போடக் கூடாது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். புதிய மாத்திரைகளின் பாதுகாப்பு ஓரிரு நாளிலேயே போய்விடும்.

எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஹீமோகுளோபினும் கிரியாட்டினினும். 75 வயதைக் கடந்தவர், தளர்ந்தவர் என்றால் 6 மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகத் திறன் 60-க்குக் கீழே இருந்தால் அந்த எண்ணைப் பத்தால் வகுங்கள். வருவதே மாத இடைவெளி. மேலே சொன்னவருக்கு 3 மாதம். ஒவ்வொரு முறையும் எடையையும் புதிதாகப் பாருங்கள், பழைய சீட்டில் இருப்பதை எழுதாதீர்கள்.

வார்ஃபரினிலிருந்து அபிக்ஸபானுக்கு மாற்றும்போது வார்ஃபரினை நிறுத்தி, ஐஎன்ஆர் 2-க்குக் கீழே வந்தபின் தொடங்குங்கள். பழைய மாத்திரை அட்டையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லி வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்குவது நடக்கக்கூடியதே.