கடற்கரை நிலம் யாருடையது, எதற்குப் பயன்படுகிறது? பொது ஆவணங்களிலும் வரைபடங்களிலும் தேடும் முறை

தமிழ்நாட்டில் கடலோர நிலத்தைப் பற்றிய தகவல் மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது. நிலம் யாருடையது என்பது வருவாய்த் துறையில், சர்வே எண்ணோடு இருக்கும். அங்கே என்ன செய்யலாம், செய்யக்கூடாது என்பது சுற்றுச்சூழல் துறையின் சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) வரைபடத்தில் இருக்கும். இப்போது அங்கே என்ன இருக்கிறது என்பதற்குச் செயற்கைக்கோள் படங்களைத்தான் பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்ற இரண்டையும் ஊகிப்பதால்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. ‘அரசுப் புறம்போக்கு’ என்று கண்டதும் சும்மா கிடக்கும் நிலம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்த நிலத்தில் ஒரு ஊரே வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும்.

முதலில் வருவாய்க் கிராமம்

மீனவர்கள் ஊரைச் சொல்லும் பெயர் பெரும்பாலும் வருவாய்க் கணக்கில் இருக்காது. கணக்கு வருவாய்க் கிராமத்தின் பெயரில் நடக்கிறது. குப்பம் அதன் ஒரு மூலையில் நத்தமாகவோ புறம்போக்காகவோ அடங்கியிருக்கும். ஆகவே முதல் வேலை, குப்பம் எந்த வருவாய்க் கிராமத்தில் வருகிறது என்று கண்டுபிடிப்பது. டிஎன்ஜிஐஎஸ் எனப்படும் தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் வரைபடத் தளத்தில் இடத்தைப் பெரிதாக்கி நிலத்தின் மேல் சொடுக்கினால் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் எல்லாம் வரும். அந்தச் சர்வே எண்ணைத் தேடலுக்கான துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள புல எல்லைகள் பல இடங்களில் சில மீட்டர் விலகி நிற்கும். கரையோரத்தில் புலங்கள் ஒடுக்கமாக இருந்தால், அந்த விலகலே உங்களைப் பக்கத்து எண்ணுக்குக் கொண்டுபோய்விடும்.

மாவட்டப் பெயரிலும் கவனம் தேவை. கோவளமும் மாமல்லபுரமும் 2019 முதல் செங்கல்பட்டு மாவட்டம். அதற்கு முந்தைய பத்திரங்களில் காஞ்சிபுரம் என்று இருக்கும். தரங்கம்பாடியும் சீர்காழியும் 2020இல் மயிலாடுதுறைக்குப் போய்விட்டன. பழைய ஆவணங்களில் நாகப்பட்டினம்தான். காரைக்கால் கரையைத் தமிழ்நாட்டுத் தளங்களில் தேட வேண்டாம். அது புதுச்சேரி நிர்வாகம். அங்கே ‘நிலமகள்’ என்று தனித் தளம் இருக்கிறது.

அ-பதிவேட்டை வாசிப்பது

தமிழ்நாடு அரசின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இ-சேவைத் தளத்தில் பட்டா, சிட்டா, புலப்படம், அ-பதிவேடு ஆகியவற்றைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கைபேசிக்கு வரும் ஓடிபி போதும். கடலோரத்துக்கு முதலில் திறக்க வேண்டியது அ-பதிவேடு. பட்டா வழியாகப் போனால் தனியார் நிலம் மட்டுமே தெரியும். அ-பதிவேட்டில் கிராமத்தின் எல்லாப் புலங்களும் இருக்கும், புறம்போக்கு உட்பட.

ஒரு வரியை இப்படிப் படிக்க வேண்டும். பரப்பு ‘0-40.50’ என்று இருந்தால் 0 ஹெக்டேர், 40.5 ஏர். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஆக, இந்தப் புலம் 4,050 சதுர மீட்டர். கிட்டத்தட்ட சரியாக ஒரு ஏக்கர். இதை 0.405 ஏக்கர் என்று படித்துவிட்டுக் கணக்குப் போடுகிறவர்கள் நிறைய. அடுத்து வகைப்பாடு: நன்செய், புன்செய், புறம்போக்கு, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு. புறம்போக்கு என்றால் அதோடு நிறுத்தாமல் குறிப்புக் கலத்தையும் பாருங்கள். கடற்கரை, மணல்மேடு, உப்பளம், ஓடை, மயானம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். ‘உப்பளம்’ என்று கண்டால் இன்னொரு கேள்வியும் வரும்: அது மாநில அரசின் நிலமா, ஒன்றிய அரசின் உப்புத் துறை நிலமா? தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கம் இதைக் கேட்காமல் மேலே போகக் கூடாது.

பழைய எண், புதிய எண் என்று இரண்டு கலங்கள் இருப்பதற்குக் காரணம் யுடிஆர் எனப்படும் நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம். 1979 முதல் 1987 வரை நடந்த அந்தத் திட்டத்தில் பல கிராமங்களில் எண்களும் பெயர்களும் மாறின. பழைய பத்திரத்திலோ நீதிமன்றத் தீர்ப்பிலோ உள்ள எண்ணை இன்றைய தளத்தில் நேரடியாகப் போட்டால் வேறு ஒரு நிலம் வந்து நிற்கும்.

குடியிருப்புப் பகுதி நத்தமாக இருந்தால் தளத்தில் நிலத்தின் வகையை ‘நத்தம்’ என்று தேர்ந்தெடுத்துத் தேடுங்கள். நகரமாக இருந்தால் வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றும் வேண்டும்.

கடலுக்கு மிக அருகில் உள்ள பட்டியில் சர்வே எண்ணே இல்லாமல் போவது உண்டு. அதனால் அது யாருக்கும் சொந்தமில்லாத நிலம் ஆகிவிடாது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, உயர்நீர்க் குறிக்குக் கீழே உள்ள கடல், துறைமுகம், கழி ஆகியவற்றின் படுகையை அரசின் சொத்து என்று சொல்கிறது.

தனியார் நிலம் என்று தெரிந்தால் பதிவுத் துறையின் தளத்தில் வில்லங்கச் சான்று பாருங்கள். உட்பிரிவு எண்ணோடு மட்டும் தேடினால் போதாது. 112/3ஏ என்றால் 112/3, 112 இரண்டையும் தனித்தனியே போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உட்பிரிவுக்கு முந்தைய கிரயங்கள் தாய் எண்ணில்தான் பதிவாகியிருக்கும். அரசு ஒப்படை (அரசு தன் நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கித் தருவது), பதிவாகாத பாகப்பிரிவினை போன்றவை வில்லங்கத்தில் வரவே வராது.

புலப்படம் தரும் அளவு, தராத இடம்

எஃப்எம்பி எனப்படும் புலப்படத்தில் ஒவ்வொரு புலத்தின் பக்க அளவுகளும் மீட்டரில் எழுதியிருக்கும். அந்த எண்களை நம்பலாம்; அச்செடுத்த தாளில் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது. பிடிஎஃப் அச்சாகும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற அமைப்பு அளவை மாற்றிவிடும். புலப்படத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை கிடையாது. நிலத்தின் வடிவம் தெரியும், அது பூமியில் எங்கே உட்காருகிறது என்பது தெரியாது. அதற்குக் கிராம வரைபடம் வேண்டும். பழைய கிராம வரைபடங்கள் ஒரு மைலுக்கு 16 அங்குலம், அதாவது 1:3,960 அளவில் வரையப்பட்டவை. 2011 சிஆர்இசட் அறிவிக்கையில் வரும் 1:3,960 என்ற விசித்திரமான எண் இதிலிருந்து வந்ததுதான். சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி நகல் கேட்கலாம்.

சிஆர்இசட் வரைபடம்

மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், சென்னையில் உள்ள என்சிஎஸ்சிஎம் எனப்படும் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம் ஆகியவற்றின் தளங்களில் மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் தாள் தாளாக இருக்கும். இறக்கியவுடன் தலைப்புக் கட்டத்தைப் படியுங்கள்: 2011 அறிவிக்கையின் கீழா, 2019 அறிவிக்கையின் கீழா? வரைவா, ஒப்புதல் பெற்றதா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் அந்தத் தாளை எங்கேயும் மேற்கோள் காட்டாதீர்கள். 2019 விதிகள் அவற்றுக்கேற்பத் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே நடைமுறைக்கு வரும். அதுவரை 2011 விதிகள்தான்.

வித்தியாசம் சிறியதல்ல. ஊரகக் கடற்கரை 2011இல் சிஆர்இசட் 3 என்ற ஒரே வகை. உயர் ஓதக் கோட்டிலிருந்து (ஓதம் என்றால் கடல் நீர் ஏறி இறங்குவது) 200 மீட்டர் வரை கட்டுமானத் தடைப் பகுதி. 2019இல் அது இரண்டாகப் பிரிந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடம் 3-ஏ. அங்கே தடைப் பகுதி 50 மீட்டர். மற்றவை 3-பி, 200 மீட்டர் அப்படியே. கழி, முகத்துவாரக் கரைகளில் 2011இன் 100 மீட்டர் 2019இல் 50 மீட்டராகிவிட்டது. இரண்டிலுமே, நீர்வழியின் அகலம் அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த அகலம்தான் கணக்கு. ஓதத்தின் தாக்கம் எதுவரை என்பதை வறண்ட காலத்தில் உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 5 பங்காக இருக்கும் இடத்தை வைத்து முடிவு செய்கிறார்கள்.

அளவைக் கவனியுங்கள். 1:25,000 தாளில் அரை மில்லிமீட்டர் கோடு தரையில் 12.5 மீட்டரை மறைக்கும். அங்கே 50 மீட்டர் என்பதே வெறும் 2 மில்லிமீட்டர். ஒரு வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்லவே முடியாது. அதற்கு 1:4,000 அளவிலான, சர்வே எண்கள் போட்ட தாள் வேண்டும். அதிலும் சந்தேகம் இருந்தால், அங்கீகாரம் பெற்ற நிறுவனம் தரும் எல்லைக் குறியீடுதான் செல்லும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. கூகுள் படத்தில் அலை நிற்கும் இடத்தை உயர் ஓதக் கோடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். படம் எடுத்த நேரத்து அலை அது. உயர் ஓதக் கோடு பெரும் ஓதத்தின்போது நீர் ஏறும் எல்லை.

பயன்பாடும் பழைய நிலையும்

இஸ்ரோவின் புவன் தளத்தில் நிலப் பயன்பாட்டு அடுக்கு 1:50,000 அளவில் 2005-06, 2011-12, 2015-16 ஆண்டுகளுக்கு இருக்கிறது. ஒரு வட்டாரத்தில் உப்பளம் எவ்வளவு, இறால் பண்ணை எவ்வளவு என்று பார்க்க இது போதும். தனிப் புலத்துக்குப் பயன்படாது. புலம் அளவில் பார்க்க கூகுள் எர்த் ப்ரோவின் பழைய படங்களை விரித்து, ஆண்டு ஆண்டாகத் தள்ளிப் பாருங்கள். கரை எங்கே இருந்தது என்று ஒப்பிடும்போது ஒரே மாதத்துப் படங்களையே எடுங்கள். வடகிழக்குப் பருவமழையின்போது மணல் அரிக்கப்பட்டு, பின்னர் பெருமளவு திரும்பிச் சேர்கிறது. டிசம்பர் படத்தையும் ஜூன் படத்தையும் பக்கத்தில் வைத்தால் இல்லாத அரிப்பு தெரியும்.

உண்மையான அரிப்பும் உண்டு. கிழக்குக் கரையில் ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகச் சுவருக்குத் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரிக்கப்பட்டதும் இதனால்தான். நில ஆவணங்கள் இந்த மாற்றத்தைத் தொடர்வதில்லை. கடலுக்குள் போன புலத்துக்கு இன்னும் பட்டா எண் இருக்கும். புதிதாகச் சேர்ந்த மணலுக்கு எண்ணே இருக்காது.

ஒன்றின் மேல் ஒன்று

க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் கிராம வரைபடம், சிஆர்இசட் தாள், செயற்கைக்கோள் படம் மூன்றையும் அடுக்கலாம். இடத்தை எண்களால் குறிக்கும் ஆள்கூற்று முறையில் தவறு எளிதாக நுழையும்: சென்னை முதல் தூத்துக்குடி வரை யுடிஎம் என்ற முறையின் 44 வடக்கு மண்டலம், அதாவது மென்பொருளில் தேர்ந்தெடுக்க வேண்டிய இபிஎஸ்ஜி குறியீடு 32644, 78 பாகைக்கு மேற்கே உள்ள கன்னியாகுமரிக்கும் திருநெல்வேலிக் கரைக்கும் 43 வடக்கு, 32643.

சிஆர்இசட் தாளின் ஓரத்தில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகைக் குறிகளைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளாகக் கொடுங்கள். கிராம வரைபடத்துக்குக் கோயில் குளத்தின் மூலை, பழைய சாலைச் சந்திப்பு, மதகு, மூன்று கிராம எல்லைகள் கூடும் இடத்து அளவைக் கல் ஆகியவற்றைப் பிடியுங்கள். குறைந்தது எட்டுப் புள்ளிகள், தாளின் நான்கு பக்கமும் பரவலாக. கரைக்கோட்டையோ ஆற்று முகத்துவாரத்தையோ புள்ளியாக வைக்காதீர்கள், இரண்டும் நகர்பவை. உருமாற்ற முறையில் முதல் படிப் பல்லுறுப்பைத் தேர்ந்தெடுங்கள். ‘தின் பிளேட் ஸ்ப்ளைன்’ எல்லாப் புள்ளியிலும் பிழையைப் பூஜ்யமாகக் காட்டும். தவறாக வைத்த புள்ளியையும் சேர்த்து வளைத்துக்கொள்வதால் வரும் பூஜ்யம் அது. ஒரு புள்ளியின் பிழை மட்டும் 10 மீட்டரைத் தாண்டினால் அந்தப் புள்ளியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அந்த இடத்தில் ஏதாவது திட்டம் வரப்போகிறதா என்று பார்க்க ஒன்றிய அரசின் பரிவேஷ் தளம் இருக்கிறது. சிஆர்இசட் அனுமதி கேட்பவர் தரும், திட்ட இடத்தின் எல்லையை வரைபடத்தில் காட்டும் கேஎம்எல் கோப்பு அங்கே கிடைத்தால், அதையும் இதே வரைபடத்தில் போட்டால் எந்தெந்தச் சர்வே எண்ணைத் தொடுகிறது என்று உடனே தெரியும்.

தாளில் இல்லாத நிலப் பயன்பாடு

மீனவ ஊர்களின் பொது இடங்களைக் காட்டுவதில்தான் இந்த ஆவணங்கள் மிக மோசம். படகு ஏற்றும் இடம், வலை பின்னும் நிழல், கருவாடு காயும் மணல், கரைவலை இழுக்கும் பாடு ஆகியவை அ-பதிவேட்டில் ‘கடற்கரை’ என்ற ஒரே சொல்லுக்குள் போய்விடுகின்றன. செயற்கைக்கோள் படத்தில் வெறும் மணலாகத் தெரிகின்றன. மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுச் சொத்துக்களையும் மீன் உலர்த்தும் இடங்களையும் சர்வே எண் அளவிலான வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று 2011 அறிவிக்கையே சொல்கிறது. ஆகவே உங்கள் ஊர்த் தாளில் அவை இல்லையென்றால் அது சட்டப்படி கேள்வி கேட்க வேண்டிய குறை.

அதற்கு ஊராரோடு நடந்து பதிவு செய்ய வேண்டும். கைபேசி ஜிபிஎஸ் திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் வரை துல்லியம் தரும். ஒவ்வொரு இடத்தின் சுற்றளவையும் நடந்து பதிந்து, என்ன பயன்பாடு, எந்த மாதங்களில், யார் பயன்படுத்துகிறார்கள் என்று எழுதுங்கள். கரைவலை சில மாதங்களில்தான் நடக்கும்; அந்த மாதங்களில் எடுத்த படம் இல்லாவிட்டால் அப்படி ஒரு பயன்பாடே இல்லை என்று வாதிடுவார்கள். பெண்கள் கருவாடு போடும் இடங்களைப் பெண்களிடமே கேளுங்கள்.

விடுபட்ட ஆவணங்களுக்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் 6(1) பிரிவில் மனு போடலாம்; 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘எங்கள் கடற்கரை பற்றிய எல்லா ஆவணமும்’ என்று கேட்டால் தட்டிக்கழிக்க வழி கிடைக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு, கிராமப் பெயர், சர்வே எண், ஆவணத்தின் பெயர் மூன்றையும் குறித்து, அ-பதிவேட்டுச் சான்று நகலும் அந்த எண்ணுக்கு வழங்கிய ஒப்படை அல்லது குத்தகை ஆணையின் நகலும் என்று கேளுங்கள். சிஆர்இசட் தாளுக்கான மனு சுற்றுச்சூழல் துறைக்குத் தனியாகப் போக வேண்டும்.

வரைவுத் திட்டத்துக்கு ஆட்சேபம் தருவதானால் தாள் எண், சர்வே எண், புள்ளிகளின் அட்சரேகை-தீர்க்கரேகை, தேதியிட்ட புகைப்படம் நான்கையும் ஒரே அட்டவணையில், விடுபட்ட ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரியாகக் கொடுத்து, கேஎம்எல் கோப்பை இணைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.