வருகைப் பதிவேடு நெருக்கும்போது சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் மனநலம் காப்பது எப்படி?

ஞாயிறு மாலையில் தொடங்கும் வயிற்றுவலி, விடுமுறை அறிவிப்பு வந்ததும் மறைந்துவிடுமானால், வீட்டில் பலரும் அதை நடிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த வலி உண்மையானது. பதற்றம் உடலில் வலியாகவே வெளிப்படக்கூடும் என்பதால், உடல்நோய் எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் உறுதி செய்துகொண்டு, பிறகு பள்ளியின் பக்கம் பார்வையைத் திருப்புங்கள்.

பெற்றோருக்குத் தெரியாமல் வகுப்பைத் தவிர்ப்பதும், போக வேண்டும் என்று விரும்பியும் வாசலைத் தாண்ட முடியாமல் உறைந்து நிற்பதும் ஒன்றல்ல. இரண்டாவது நிலைக்கு 1941-லேயே 'பள்ளி அச்சம்' என்று மருத்துவ எழுத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் அது தனி நோயன்று. வேறு ஏதோ ஒன்று குழந்தையின் தாங்கும் அளவைக் கடந்துவிட்டது என்பதன் அறிகுறி. ஆட்டிசம், கவனக்குறைவுக் கோளாறு (ADHD), கற்றல் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அந்த ஒன்று, மற்றவர் கண்ணுக்குப் படாத மிகச் சிறிய விஷயமாகவும் இருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க, "ஏன் போகமாட்டேன் என்கிறாய்?" என்ற கேள்வி உதவாது, பெரும்பாலும் குழந்தைக்கே விடை தெரியாது. கால அட்டவணையைத் தாளில் வரைந்து, எளிதான நேரத்துக்குப் பச்சை, கடினமான நேரத்துக்குச் சிவப்பு என்று வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். இரண்டு வாரம் தூக்கம், சாப்பாடு, காலை அழுகை ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பையையும் பாருங்கள். காலையில் நிரப்பிய தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா? கழிப்பறையில் கை உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு அஞ்சி, அங்கே போக நேரக்கூடாது என்பதற்காகவே நாள் முழுதும் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் குழந்தைகள் உண்டு. அந்தக் குழந்தையிடம் வருகைச் சதவீதத்தைப் பற்றிப் பேசி என்ன பயன்?

"வகுப்பில் நன்றாகத்தானே இருக்கிறாள்" என்று ஆசிரியர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. பகல் முழுவதும் தன்னை அடக்கி மறைத்து, வீட்டு வாசலில் உடைந்து அழும் குழந்தைகள் பலர். எனவே வாதிடாமல், நோட்டில் உள்ளதைக் காட்டி, கடிதமாகவும் எழுதிக் கொடுங்கள். 'வர மறுக்கிறாள்' என்று எழுதாமல், 'இன்ன காரணத்தால் வர முடியவில்லை' என்று எழுதுங்கள்; அந்த ஒரு சொல் மாற்றம் பேச்சின் திசையையே மாற்றும். மாற்றுக் கழிப்பறை, மணி அடிப்பதற்குச் சற்று முன்பே வகுப்பை விட்டு வெளியேற அனுமதி, அமைதியான ஓர் அறை, வாசலில் காத்திருந்து அழைத்துச் செல்ல பழகிய ஒருவர் என்று குறிப்பாகக் கேளுங்கள். இது சலுகை கேட்பதாகாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை (2006), தன் 24-ஆம் பிரிவில், தனிநபர் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைக் கல்வி உரிமையின் பகுதியாகவே சொல்கிறது. மனநலக் காரணத்தால் எடுத்த விடுப்பையும் மருத்துவச் சான்றுடன் மருத்துவ விடுப்பாகப் பதியும்படி கேளுங்கள்.

முழு வருகைக்கு விருதும், வராத நாளுக்குத் தண்டனையும் இந்தக் குழந்தைகளுக்குத் தீங்கே செய்கின்றன என்பது என் உறுதியான கருத்து. அழ அழ இழுத்துச் சென்று உள்ளே தள்ளுவது ஒரு நாள் வருகையைத் தரலாம். மறுநாள் அச்சம் பெருகியிருக்கும். அதே சமயம், வீட்டிலேயே நீண்ட நாள் இருந்துவிட்டாலும் அச்சம் வேரூன்றும். அதனால் எழும் நேரமும் உறங்கும் நேரமும் மாறாமல் பார்த்துக்கொண்டு, படிப்படியாகத் திரும்ப வையுங்கள்: முதலில் வாசல்வரை, பிறகு பிடித்த ஒரே ஒரு வகுப்பு, பிறகு அரை நாள். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதில் குழந்தையின் சொல்லுக்கும் இடம் இருக்கட்டும். ஒரு படி சறுக்கினால் முந்தைய படியில் சில நாள் நின்றுகொள்ளலாம்.

"நான் இல்லாமல் போனால் நல்லது" என்று குழந்தை சொன்னாலோ, தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டாலோ, பள்ளிப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு, தனியே விடாமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நீண்ட விடுமுறைக்குப் பின் வரும் முதல் வாரத்தில், தேறிய குழந்தைக்கும் பழைய அச்சம் மீளக்கூடும். விடுமுறை முடிவதற்குச் சில நாள் முன்பே, ஆளில்லாத பள்ளி வளாகத்தை ஒருமுறை சுற்றி வர அனுமதி கேட்டு வையுங்கள்.