பைகார்பனேட்டைக் கணக்கிட ஒரு சின்ன சர்க்யூட்

மருத்துவக் கருவி பழுதுபார்க்கக் கற்கும் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் டர்பனில் என் கராஜுக்கு வருவார்கள். மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சிப்பை ஓரமாக வையுங்கள் என்றுதான் ஆரம்பிப்பேன். ரத்தத்தின் பி.எச். அளவும் கார்பன் டை ஆக்சைடு அழுத்தமும் தெரிந்தால், இவற்றை இணைக்கும் ஹெண்டர்சன்–ஹாசல்பால்க் சமன்பாட்டில், ரத்தத்தில் அமிலத்தை ஈடுகட்டும் பைகார்பனேட் கிடைத்துவிடும். லாகரிதத்துக்குப் பயப்பட வேண்டாம். அதை எலக்ட்ரோடுகளே போட்டுத் தருகின்றன.

37 டிகிரியில் பி.எச். 1 கூடினால் பி.எச். அளக்கும் கண்ணாடி எலக்ட்ரோடின் வோல்டேஜ் 61.5 மில்லிவோல்ட் இறங்கும். கார்பன் டை ஆக்சைடை அளக்கும் ஸெவரிங்ஹாஸ் எலக்ட்ரோடில் அதன் அழுத்தம் பத்து மடங்கானால் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். குறைகிற கொஞ்சத்தை ஒரு டிரிம்பாட்டால் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்) சரிக்கட்டலாம். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் பைகார்பனேட்டின் லாகரிதம் கையில்.

இனி அந்த லாகரிதத்தைத் திரும்ப எண்ணாக மாற்ற வேண்டும். சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்டேஜும் 37 டிகிரியில் அதே 61.5 மில்லிவோல்ட் ஏறினால்தான் கலெக்டர் கரன்ட் பத்து மடங்காகிறது! கண்ணாடிக்கும் சிலிக்கானுக்கும் ஒரே வெப்ப விதி. எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு மெய்சிலிர்க்கும் இடம் இது. அதனால் எஸ்எஸ்எம்2212 ஜோடி டிரான்சிஸ்டரை எலக்ட்ரோடு இருக்கும் சூடான பிளாக்கிலேயே ஒட்டிவிடுங்கள். ஒரு டிரான்சிஸ்டரில் 24 மைக்ரோஆம்பியரை (நலமான ரத்தத்தில் பைகார்பனேட் லிட்டருக்குச் சுமார் 24 மில்லிமோல்) நிலையாக ஓடவிட்டு, கழித்த வோல்டேஜை மற்றதன் பேஸுக்குக் கொடுங்கள். அதில் ஓடும் ஒவ்வொரு மைக்ரோஆம்பியரும் லிட்டருக்கு ஒரு மில்லிமோல். 100 கிலோ ஓம் வழியாக விட்டால் 24 மில்லிமோலுக்கு மீட்டர் 2.4 வோல்ட் காட்டும்.

எலக்ட்ரோடுக்கு ஒன்றாக இரண்டு ஏடி549 ஆப்-ஆம்ப் (கரன்ட்டைக் கிட்டத்தட்ட இழுக்காமலே வோல்டேஜை வாங்கும் சிப்) வேண்டும். கண்ணாடியின் தடை நூறு மெகா ஓம் அளவில் இருப்பதால் இன்புட் பின்னை போர்டில் பற்றவைக்காதீர்கள்; டெஃப்லான் தூணில் தூக்கி நிறுத்துங்கள். டர்பன் கோடைப் புழுக்கத்தில் பற்றவைக்கும் ஃபிளக்ஸின் படிவு ஈரத்தை உறிஞ்சிக் கரன்ட் கசியவிடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே மூடுங்கள். இரண்டு 9 வோல்ட் பேட்டரி வைத்தால் சப்ளை வழியாக 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் நுழையாது, மின்வெட்டிலும் வேலை நிற்காது. இது படிப்பதற்கான சர்க்யூட். நோயாளிக்கு இதை வைத்து முடிவெடுக்கவே கூடாது.

தெரிந்த அளவை வைத்து மீட்டரைச் சரிசெய்யும் காலிபரேஷனில்தான் நம் தென்னாப்பிரிக்காவின் நில உயரம் குறுக்கே வருகிறது. 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு கேஸின் அழுத்தம் கடற்கரை டர்பனில் (760−47)×0.05, அதாவது 35.7 மிமீ பாதரசம்; 760 காற்றழுத்தம், 47 அதில் 37 டிகிரி நீராவியின் பங்கு. உயரத்தில் இருக்கும் ஜோஹன்னஸ்பர்க்கில் காற்றழுத்தமே சுமார் 625 என்பதால் 28.9தான். பி.எச். 7.384-இல் நிலையாக நிற்கும் பஃபர் கரைசலும் இந்த கேஸும் வைத்து மீட்டரை டர்பனில் 20.6-க்கும் அங்கே 16.7-க்கும் திருப்ப வேண்டும். டர்பன் எண்ணையே அங்கேயும் வைத்தால், 12 மில்லிமோலுக்கு இறங்கிய ரத்தம் 15 என்று காட்டி, அமிலம் ஏறியிருப்பதில் கால்வாசியை மறைத்துவிடும். பெட்டியை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் பாரோமீட்டரைப் பார்த்துப் புது எண்ணைக் கணக்கிட்டு, மூடிமேல் எழுதி ஒட்டிவிட்டே முதல் சாம்பிளைத் தொடுங்கள்.